பெருந்தொற்றுக்குப் பின் உடம்பை மீட்பது: பல்கலைக்கழக மாணவர்கள் எங்கே தொடங்கலாம்?

இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது, இரவு 2 மணி வரை தூக்கம் வருவதில்லை, காலையில் எழுந்தால் அடித்துப் போட்டது போல இருக்கிறது. இருபது வயதில் இப்படிச் சொல்லும் மாணவர்கள் இப்போது நிறைய. அவர்களில் பலர் இதைத் தங்கள் சோம்பேறித்தனம் என்று தாங்களே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள், அப்புறம் ஒரு திங்கட்கிழமை ஆவேசமாக ஜிம்மில் சேர்ந்து, வியாழக்கிழமை படி இறங்க முடியாமல் நொண்டி, அதோடு விட்டுவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பும் தவறு, அந்தத் தொடக்கமும் தவறு. இதை வேறு மாதிரித் தொடங்க வேண்டும்.

முதலில் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று 2020 மார்ச் 11 அன்று சொன்னது, உலகளாவிய அவசரநிலை முடிந்தது என்று 2023 மே 5 அன்று சொன்னது. அந்த ஆண்டுகளில் கட்டிலும் மேசையும்தான் வகுப்பறை. நாம் இழந்தது ஓட்டத்தையும் விளையாட்டையும் மட்டும்தான் என்று நினைக்கிறோம், ஆனால் என் கணிப்பில் பெரிய இழப்பு வேறு: ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பது, நூலகத்துக்குப் போய் வருவது, பேருந்தைப் பிடிக்க ஓடுவது, நண்பனைத் தேடி அடுத்த விடுதிக்குப் போவது என்று யாரும் உடற்பயிற்சி என்று கணக்கு வைக்காத அசைவு முழுவதும் ஒரே மாதத்தில் காணாமல் போனது. வளாகம் திறந்த பிறகும் அது முழுசாகத் திரும்பவில்லை. விரிவுரை பதிவாகக் கிடைக்கிறது, குறிப்புகள் கைபேசியில் வருகின்றன, சாப்பாடு அறை வாசலுக்கு வருகிறது, நண்பர்கள் குழு அரட்டையில் இருக்கிறார்கள். இன்று முதலாண்டில் சேர்பவர்களில் பலருக்கு அது பள்ளிக் காலம், மைதானத்தில் ஓடப் பழக வேண்டிய வயது. அவர்களிடம் போய் மறுபடி தொடங்கு என்று சொல்வதில் அர்த்தமில்லை, அவர்களுக்கு இதுதான் முதல் தொடக்கம்.

படுத்தே கிடந்தால் இளம் உடம்புக்கு என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், இருபது வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து ஆண்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அவர்கள் உடல் உச்சமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கும் மேல் விழுந்தது. அதே ஐந்து பேரை 30 ஆண்டு கழித்து மறுபடி சோதித்தபோது, அந்த முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட இருபது வயதில் அந்த மூன்று வாரம் செய்த சேதம்தான் பெரிதாக இருந்தது. நீங்கள் மூன்று வாரம் முழுக்கப் படுத்துக் கிடக்கவில்லைதான், ஆனாலும் எந்தத் திசையில் போகும் என்பது இதில் தெரிகிறது. கூடவே ஒரு நல்ல செய்தியும் உண்டு: படுக்கையை விட்டு எழுந்து சுமார் எட்டு வாரம் பயிற்சி செய்ததும் அந்தத் திறன் திரும்பியது, சிலருக்கு முன்பு இருந்ததையும் தாண்டியது. போனது திரும்ப வரும். எவ்வளவு நிதானமாகத் திரும்ப வர வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் படி: நீங்கள் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்

இதை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், தயவுசெய்து நீங்கள் தாண்டாதீர்கள். கோவிட் வந்து போன பிறகு உடம்பு பழைய நிலைக்கு வராதவர்கள் இருக்கிறார்கள். தொற்று தொடங்கி மூன்று மாதம் ஆகும்போதும் இருக்கிற, குறைந்தது இரண்டு மாதமாவது நீடிக்கிற, வேறு காரணம் எதுவும் சொல்ல முடியாத சோர்வு, மூச்சிரைப்பு, மூளை மந்தம் போன்றவற்றை உலக சுகாதார நிறுவனம் கோவிட்டுக்குப் பிந்தைய நிலை என்று வரையறுத்திருக்கிறது. பேச்சில் நீண்டகால கோவிட் என்கிறோம். இதில் சிலருக்கு ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு: உழைக்கும்போது சமாளித்துவிடுவார்கள், ஆனால் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து மொத்த உடம்பும் சரிந்துவிடும், அது நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீளும். கொஞ்சம் அதிகம் நடந்தால் மட்டுமல்ல, நீளமான ஒரு தேர்வு எழுதினாலே வரலாம்.

உங்களுக்கு இது இருந்தால் இந்தக் கட்டுரையின் மற்ற படிகள் உங்களுக்கானவை அல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடலாம் என்ற அறிவுரை மற்றவர்களுக்கு உதவலாம், உங்களுக்குக் கேடு செய்யும். உங்களிடம் இருக்கும் தெம்புக்குள் அன்றைய வேலைகளைப் பிரித்துக்கொள்வது, இடையிடையே ஓய்வு எடுப்பது, ஒரு மருத்துவரின் மேற்பார்வை, இவைதான் வழி. இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் அன்று என்ன செய்தீர்கள், மறுநாளும் அதற்கு மறுநாளும் எப்படி இருந்தது என்று எழுதி வாருங்கள். உழைப்புக்கும் சரிவுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும், மருத்துவரிடம் காட்டவும் உதவும்.

சரி, அது இல்லை. ஆனால் நடக்கும்போது நெஞ்சு வலி, காரணமில்லாத படபடப்பு, தலைசுற்றி மயக்கம் வருவது, உழைப்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத மூச்சுத்திணறல், இதில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். வைரஸ் தொற்றுகள் அபூர்வமாக இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும், அந்த நிலையில் கடும் பயிற்சி செய்வது உயிருக்கே ஆபத்து. ஆஸ்துமா, சர்க்கரை நோய், பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவர்களும் ஒரு முறை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கேட்பதற்கு ஒரு நாள் ஆகும், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஏழு நாள், இப்போது எப்படி இருக்கிறீர்களோ அப்படியே இருங்கள். எத்தனை நிமிடம் நடந்தீர்கள், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோ சாய்ந்தோ இருந்தீர்கள், எப்போது தூங்கினீர்கள், இந்த மூன்று மட்டும் போதும். கைபேசி அடிகளை எண்ணினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் மேசையில் கிடக்கும் கைபேசி நீங்கள் நடந்ததை எண்ணாது என்பதை நினைவில் வையுங்கள்.

அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 2,500 அடி என்று வந்தால் 2,500தான் உங்கள் தொடக்கம், பக்கத்து அறைக்காரரின் 9,000 உங்களுக்குத் தேவையில்லாத தகவல். தினம் 10,000 அடி என்று எல்லாரும் சொல்லும் இலக்குகூட 1960களில் ஜப்பானில் விற்ற ஓர் அடியெண்ணும் கருவியோடு பரவியதுதான். அதற்கு வெகு கீழேயே பலன் தொடங்கிவிடுகிறது.

மூன்றாம் படி: காணாமல் போன நடையைத் திரும்ப நாளுக்குள் வையுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. ஜிம், ஓட்டம், யோகா வகுப்பு எதையும் யோசிப்பதற்கு முன்னால் இரண்டு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். இதற்கென்று தனி நேரம் வேண்டாம், உடை மாற்ற வேண்டாம், மன உறுதியும் அவ்வளவாக வேண்டாம், அதனால்தான் நிலைக்கிறது.

பதிவாகக் கிடைக்கும் விரிவுரையைக் காதில் மாட்டிக்கொண்டு நடந்தபடி ஒரு முறை கேளுங்கள், குறிப்பெடுக்க வேண்டிய இடத்துக்கு மட்டும் பிறகு உட்காரலாம். வீட்டுக்குப் பேசும் அழைப்புகளை எப்போதும் நடந்துகொண்டே பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள், சிலருக்கு இது ஒன்றே தினமும் இருபது நிமிடம் தந்துவிடுகிறது. இரண்டு மாடி வரை லிஃப்ட் கிடையாது. அறையில் படிக்காமல் நூலகத்தில் படியுங்கள், போய் வரும் நடை இலவசமாகக் கிடைக்கும், படுக்கை பக்கத்தில் இல்லாததால் சாய்ந்துகொள்ளவும் முடியாது. ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குவது எல்லாருக்கும் தெரிந்த யோசனை, பாதை பாதுகாப்பாக இருந்தால் செய்யலாம்.

உட்காருவதையும் உடைக்க வேண்டும். அரை மணிக்கோ முக்கால் மணிக்கோ ஒரு முறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடங்கள். ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் எண் எதுவும் வைக்கவில்லை. உட்காரும் நேரத்தைக் குறையுங்கள், அந்த இடத்தில் எவ்வளவு லேசான அசைவாக இருந்தாலும் வையுங்கள் என்றுதான் சொல்கிறது. தண்ணீர் பாட்டிலைச் சின்னதாக வைத்துக்கொண்டால் நிரப்புவதற்காகவாவது எழுந்து போவீர்கள்.

நான்காம் படி: தனியாக நேரம் ஒதுக்குங்கள், 10 நிமிடத்தில் தொடங்கி

2020 நவம்பரில் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் 18 முதல் 64 வயதுவரை உள்ளவர்களுக்குச் சொல்வது இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, அல்லது இரண்டையும் கலந்து, கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலு சேர்க்கும் பயிற்சி. உடற்குறை உள்ளவர்களுக்கான பரிந்துரைகளும் முதல் முறையாக அதில் வந்தன. சக்கர நாற்காலியைக் கையால் தள்ளிக்கொண்டு போவதும் உழைப்புத்தான்.

எது மிதம், எது கடுமை என்று கருவி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதம். இரண்டு மூன்று சொல் பேசினாலே மூச்சுக்கு நிறுத்த வேண்டியிருந்தால் கடுமை. நாடித்துடிப்பு காட்டும் கடிகாரம் வைத்திருப்பவர்கள் 220இலிருந்து வயதைக் கழியுங்கள், அதில் 64 முதல் 76 சதவீதம் வரை மிதம். இருபது வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 128 முதல் 152 வரை வரும். இது தோராயம்தான், ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே கடிகாரமும் உங்கள் மூச்சும் வேறு வேறு சொன்னால் மூச்சை நம்புங்கள்.

150 என்ற எண்ணைப் பார்த்து முதல் வாரமே அதை எட்ட முயல வேண்டாம். தினமும் 10 நிமிடம் வேக நடை, அவ்வளவுதான் முதல் வாரம். அடுத்த ஒவ்வொரு வாரமும் நாளுக்கு 3 நிமிடம் கூட்டுங்கள்: 13, 16, 19, ஐந்தாவது வாரம் 22. ஏழு நாளுக்கு 22 நிமிடம் என்றால் 154, இலக்கைத் தொட்டுவிட்டீர்கள். ஏதாவது ஒரு வாரம் கடினமாகத் தோன்றினால் அதே அளவிலேயே இன்னொரு வாரம் இருங்கள். ஓட ஆசை இருப்பவர்கள் இந்த ஐந்து வாரத்துக்குப் பிறகு ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்து பார்க்கலாம். மூச்சு சீக்கிரம் தேறிவிடும், ஆனால் முழங்காலும் கணுக்காலும் தசைநாண்களும் தயாராக இன்னும் அதிக காலம் கேட்கும். ஓட்டத்தில் அடிபடுபவர்கள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான் மாட்டுகிறார்கள்.

நடக்க இடமில்லை, இருட்டிய பிறகு தனியாகப் போவது பாதுகாப்பில்லை என்பது பல மாணவிகளுக்கு உண்மையான தடை, அதைச் சாக்கு என்று யாரும் சொல்லக் கூடாது. பகல் வெளிச்சத்தில் வகுப்பு இடைவேளையில் நடப்பது, விடுதி மாடிப்படியில் ஏறி இறங்குவது, அறைக்குள் பாட்டுப் போட்டு ஆடுவது எல்லாமே அந்த 150இல் சேரும்.

ஐந்தாம் படி: வாரம் இரண்டு நாள் வலு

கருவி தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, புத்தகம் நிரப்பிய முதுகுப்பையைக் குனிந்து விலாவரை இழுப்பது. இந்த நான்கில் கால், நெஞ்சு, இடுப்பு, முதுகு எல்லாம் வந்துவிடும். முதல் வாரம் ஒவ்வொன்றிலும் எட்டு முறை, ஒரே சுற்று. இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய முடியும் என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள். இரண்டு நாளுக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. சுலபமாகிவிட்டால் சுவரிலிருந்து மேசை விளிம்புக்கு, மேசையிலிருந்து தரைக்கு என்று தண்டாலை மாற்றுங்கள், நாற்காலியை எடுத்துவிட்டுப் பஸ்கி போடுங்கள். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள், எண்ணிக்கை, சுற்று, எடை எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள்.

மறுநாளிலிருந்து மூன்றாம் நாள்வரை தசை வலிப்பது இயல்பு. ஆனால் நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் நாளே நூறு பஸ்கி, பந்தயம் கட்டித் தண்டால் என்று இறங்கினால் தசை நார்கள் சிதைந்து அதன் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை வரலாம். தாங்க முடியாத வலி, தசை வீங்கி இறுகுவது, சிறுநீர் அடர் பழுப்பு நிறத்தில் போவது, இவற்றைப் பார்த்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று அறையில் படுத்திருக்கக் கூடாது. இது வலுவான இளைஞர்களுக்கும் வருகிறது. புதிதாகச் சேரும் ஜிம்மில் பயிற்றுநர் முதல் நாளே உங்களை எழ முடியாத அளவுக்கு வாட்டினால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. மாதவிடாய் நாட்களில் முடிந்தால் செய்யலாம், முடியாவிட்டால் விடலாம், எதுவும் கெட்டுப்போகாது. ஆனால் உணவைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டி மாதவிடாயே நின்றுபோனால் அது உடம்பு விடுக்கும் எச்சரிக்கை, எலும்புவரை பாதிக்கும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடம்பைத் தண்டிப்பதற்காகப் பயிற்சி செய்யும் மனநிலை ஆண்களிடமும் இருக்கிறது, சமூக ஊடகம் அதை நன்றாகவே வளர்க்கிறது. எடையைப் பார்க்காதீர்கள். மூன்று மாடி ஏறியதும் எவ்வளவு நேரத்தில் மூச்சு சீராகிறது என்று பாருங்கள், முன்னேற்றம் அங்கேதான் முதலில் தெரியும்.

ஆறாம் படி: தூக்கமும் மனசும்

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். முடக்கக் காலத்தில் தூங்கும் நேரம் நழுவியது, இன்னும் பலருக்கு இடத்துக்கு வரவில்லை. தூங்கும் நேரத்தைப் பிடித்து இழுப்பதைவிட எழும் நேரத்தை ஒன்றாக வைப்பது எளிது, விடுமுறையிலும். எழுந்ததும் அந்தப் பத்து நிமிட நடையை வெளி வெளிச்சத்தில் நடந்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் கடும் பயிற்சி செய்வது சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், மென்நடை கெடுக்காது.

உடல் உழைப்பு மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைக்கிறது என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. அதற்காக, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருபவரிடம் போய் ஓடினால் சரியாகிவிடும் என்று சொல்லாதீர்கள். அந்த எண்ணம் உங்களுக்கே வந்தால் இன்றே நம்பும் ஒருவரிடம் சொல்லுங்கள், பல்கலைக்கழக ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். நடை அதற்குத் துணை, அதற்கு மாற்று கிடையாது.

இரண்டு ஆண்டு திரை வழியாகப் பழகியதால் புதியவர்களோடு பேசவே கூச்சப்படும் மாணவர்கள் பலர். அவர்களுக்குச் சேர்ந்து நடப்பது நல்ல வழி, எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டிய சங்கடம் இல்லை. ஒரே ஒருவரைப் பிடியுங்கள், வாரத்தில் இரண்டு நாள், ஒரே நேரம், ஒரே இடம். பெரிய குழுவெல்லாம் மூன்றாவது வாரத்தில் கலைந்துவிடும்.

தேர்வு வந்தால், காய்ச்சல் வந்தால்

திட்டங்கள் உடைவது பெரும்பாலும் தேர்வு வாரத்தில்தான். அப்போது முழுக்க விடாமல் சுருக்குங்கள். 2010இல் வந்த பழைய வழிகாட்டுதல் குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்றது, 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆகவே ஒரு பாடம் முடிந்ததும் ஐந்து நிமிடம் மாடிப்படி, அதுவும் சேரும். லண்டனில் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது, ஆனால் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விட்டதற்காகப் புதன்கிழமை இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம், புதன்கிழமைக்கு உள்ளதைச் செய்யுங்கள்.

காய்ச்சலோ உடம்பு வலியோ நெஞ்சுச் சளியோ இருக்கும்போது பயிற்சி கூடாது. மறுபடி கோவிட் வந்து சிரமப்பட்டு மீண்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் ஐந்து கட்டம் சொல்கிறது: முதலில் மூச்சுப் பயிற்சியும் மென்நடையும், பிறகு நடையும் லேசான வீட்டு வேலையும், மூன்றாவதாக வேக நடை, மாடிப்படி, வலுப் பயிற்சி, நான்காவதாக ஓட்டம், மிதிவண்டி, நீச்சல், நடனம், கடைசியில் பழைய அளவு. ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது ஏழு நாள் இருக்க வேண்டும், ஒரு கட்டம் கடினமாக இருந்தால் முந்தைய கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். லேசாக வந்து போன காய்ச்சல் என்றாலும், குளிப்பது, வகுப்புக்குப் போவது போன்ற அன்றாட வேலைகள் களைப்பில்லாமல் நடக்கும்வரை காத்திருங்கள். காய்ச்சலுக்கு முன் 22 நிமிடம் நடந்துகொண்டிருந்தீர்கள் என்றால் 10 நிமிடத்தில் தொடங்கி, மறுநாளும் அதற்கு மறுநாளும் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூன்று மூன்று நிமிடமாகக் கூட்டுங்கள்.